ஏற்காட்டு பங்களா நாற்காலியும் டேனிஷ் சீலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டுப் பழைய பங்களாக்களிலிருந்து விற்பனைக்கு வரும் மரச்சாமான்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, எழுதியவரும் ஆசையாக எழுதியிருக்கிறார். ஆனால் அசல் டேனிஷ், அதாவது டென்மார்க்கில் செய்த சாமானைக் கண்டுபிடிக்க மூன்று வழி சொல்லியிருக்கிறாரே, அடியில் சீல் இருக்க வேண்டும், முழுத் தேக்காக இருக்க வேண்டும், பழைய பங்களாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று, அந்த மூன்றுமே வாங்குகிறவரைக் கவிழ்த்துவிடும். சேலத்தில் பழைய சாமான்களைப் பிரித்துப் பூட்டி, பாலிஷ் போட்டுப் பிழைக்கிறவன் நான். உங்கள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே பட்டறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

டேனிஷ் என்று இன்றைக்குப் பெரிய விலை பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் 1940-களின் பிற்பகுதியிலிருந்து 1960-கள் முடிய டென்மார்க்கில் செய்யப்பட்டவை. கோபன்ஹேகன் தச்சர்கள் சங்கம் 1927 முதல் 1966 வரை வருஷா வருஷம் கண்காட்சி நடத்தியது, வரைகிறவரும் இழைக்கிறவரும் ஜோடி சேர்ந்து செய்ததை அங்கே கொண்டுவந்து வைப்பார்கள். ஹான்ஸ் வெக்னர் வரைந்து யோஹான்னஸ் ஹான்சன் பட்டறை செய்த வட்ட நாற்காலியும், ஃபின் யூல் வரைந்து நீல்ஸ் வோடர் செய்த பெரிய சீஃப்டன் நாற்காலியும் 1949 கண்காட்சிக்கு வந்தவை. 1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதம் செய்தபோது மேடையில் போட்டிருந்தது அந்த வட்ட நாற்காலிதான். அதற்கப்புறம் அமெரிக்காவில் அதற்கு இருந்த கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை. கிராக்கி வந்த இடத்தில் நகல் வராமல் இருக்குமா? அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. ஆகவே ஐம்பது அறுபது வருஷப் பழைய நகலும் உண்டு, பழசு என்பதாலேயே எதுவும் அசல் ஆகிவிடாது.

சரி, பங்களா கதைக்கு வருகிறேன். மலையில் சாமான் விற்கிறவர்கள் சொல்லும் கதையில் கட்டாயம் ஒரு வெள்ளைக்காரர் இருப்பார். காபி எஸ்டேட் துரை உட்கார்ந்தது என்பார்கள், டேனிஷ் மிஷன் பாதிரியார் கப்பலில் கொண்டுவந்தது என்பார்கள், இல்லாவிட்டால் தரங்கம்பாடியிலிருந்து வந்தது என்பார்கள். தரங்கம்பாடியை உடனே தள்ளிவிடலாம். டேனிஷ்காரர்கள் 1620-இல் அங்கே வந்து 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், வெக்னர் பிறந்ததே 1914-இல்தான். மிஷன் கதை கொஞ்சம் பரவாயில்லை. டேனிஷ் மிஷனரிகள் 20-ஆம் நூற்றாண்டிலும் தமிழ்நாட்டில் வேலை செய்தார்கள், ஆற்காடு லுத்தரன் திருச்சபையே அவர்கள் வழி வந்ததுதான். ஆனால் இங்கே ஊழியம் செய்ய வந்தவருக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டால் பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூப்பிடுவாரா, கோபன்ஹேகனிலிருந்து வரவழைப்பாரா? சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடும் வரியும் தெரிந்தவர்கள் யோசித்துப் பார்க்கட்டும். எஸ்டேட் பங்களாக்களில் இருக்கும் தேக்கு, ஈட்டிச் சாமான்கள் முக்கால்வாசி நம் ஊர் ஆசாரிகள் செய்தவை. கை நீட்டிக் கால் வைத்துப் படுக்கும் அந்தப் பிரம்புச் சாய்வு நாற்காலிகளின் அருமையே தனி, அதற்கு டேனிஷ் பட்டம் எதற்கு? வெளிநாட்டுக் கம்பெனி அதிகாரி யாராவது கொண்டுவந்து விட்டுப்போன உண்மையான டேனிஷ் சாமான் ஒன்றிரண்டு மலையில் கிடக்கலாம், இல்லவே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. கதைக்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள் என்கிறேன்.

கவிழ்த்துப் பாருங்கள். இதை விற்கிறவர் விரும்பமாட்டார், "கீறல் விழுந்துரும் சார்" என்பார், பரவாயில்லை, ஒரு போர்வையை விரித்து அதன் மேல் கவிழ்க்கச் சொல்லுங்கள். கையில் டார்ச் வேண்டும். மேலே வெயில் பட்ட இடம், கை பட்ட இடம், இரண்டும் படாத அடிப்புறம், மூன்றும் மூன்று நிறத்தில் இருந்தால் அந்த மரம் தானாக மூப்படைந்திருக்கிறது. கைப்பிடி நுனியில் எண்ணெய்க் கையின் கறுப்பும் வழுவழுப்பும் இருக்கும், கால் அடியில் தரையில் இழுத்து இழுத்து விளிம்பு மழுங்கியிருக்கும், முன்கால்களைக் கட்டும் குறுக்குச் சட்டத்தில் குதிகால் பட்டுத் தேய்ந்த பள்ளம் இருக்கும். செயற்கையாகப் பழசாக்கியவர் உப்புத்தாளை எடுத்து எல்லா விளிம்பையும் ஒரே மாதிரி தேய்த்திருப்பார், யாருடைய கையும் காலும் போகவே முடியாத பின்கால் உள்மூலைகூடத் தேய்ந்திருக்கும். அடிப்புறம், சட்டத்தின் உட்பக்கம், ஸ்க்ரூ குழிக்குள் என்று எங்கே பார்த்தாலும் ஒரே பழுப்பு என்றால் அது ஸ்டெயின் என்கிற மரச்சாயம், சில இடங்களில் வெறும் டீ டிகாஷன். ஸ்க்ரூவை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். அந்தக் காலச் சாமானில் பெரும்பாலும் மைனஸ் ஸ்க்ரூதான் இருக்கும், ஆனால் நடுவில் யாராவது ரிப்பேர் செய்து ஒரு பிளஸ் ஸ்க்ரூவை ஏற்றியிருக்கலாம், அதேபோல நகல் செய்கிறவரும் பழைய இரும்புக் கடையில் மைனஸ் ஸ்க்ரூ பொறுக்கி வந்து போடலாம். ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள மரத்தைப் பாருங்கள். பல வருஷம் இருந்த இரும்பைச் சுற்றி மரத்தில் கருவளையம் விழுந்திருக்கும்.

இனி முழுத் தேக்கு விஷயம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் வெனீர், அதாவது வேறு பலகை மேல் ஒட்டுகிற மெல்லிய மரத்தகடு, என்றாலே மட்டம் என்று நமக்குப் பழகிவிட்டது. அஸ்தம்பட்டிப் பக்கமிருந்து ஒரு சைட்போர்டு, நீளமாகத் தாழ்வாக இருக்கும் அலமாரி, பட்டறைக்கு வந்தது, மலையில் வாங்கியதாம், "1960 டேனிஷ்" என்று கொடுத்த விலையைக் கேட்டு எனக்கே மூச்சு வாங்கியது. ஆட்டோவிலிருந்து இறக்க நாலு பேர் திணறினார்கள். டிராயரை இழுத்தேன். முகப்புப் பலகை, பக்கப் பலகை எல்லாமே தேக்கு, மூலையில் நாக்கும் இல்லை, புறா வால் மாதிரி வெட்டிக் கோக்கிற டவ்டெயிலும் இல்லை, தலை தட்டிய ஆணி நான்கு, இடுக்கில் வழிந்து காய்ந்த வெள்ளைப் பசை. பின்பக்கம் சுவரைப் பார்க்கிற இடம்தானே என்று மொட்டைப் பிளைவுட்டை அடித்து விட்டிருந்தார்கள்.

"ஏனுங்க, முழுத் தேக்குதானுங்களே, அப்புறம் எப்படீங்க நகலு?" என்றார் வாங்கியவர்.

"முழுத் தேக்கா இருக்கறதாலதானுங்க சந்தேகமே" என்றேன்.

டென்மார்க்கில் தேக்கு விளையாது, கப்பலில் வந்த மரம். நாற்காலியின் காலும் கையும் கட்டை மரத்தில் செய்வார்கள், ஆனால் அலமாரி, சைட்போர்டு, மேஜைப் பலகை போன்ற அகலமான பரப்புக்குப் பெரும்பாலும் தேக்கு வெனீரை ஒட்டி, விளிம்பில் மட்டும் கட்டைத் தேக்குப் பட்டி வைப்பார்கள். அகலப் பலகை வளையாமல் விரியாமல் இருக்க அதுதான் வழி, கஞ்சத்தனத்தால் செய்ததில்லை. நல்ல வேலையில் ஒரே கட்டையிலிருந்து வரிசையாக எடுத்த வெனீர், ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு மரத்தின் ரேகை அறுபடாமல் ஓடும். டிராயரின் பக்கப் பலகை பீச், ஓக், மகோகனி என்று வேறு மரத்தில் இருக்கும், முன்பலகையோடு டவ்டெயிலில் கோத்திருக்கும். நல்ல சைட்போர்டுகளில் பின்புறத்தையும் முன்புறம் போலவே முடித்திருப்பார்கள், அறை நடுவில் போட்டாலும் அசிங்கமாக இருக்கக் கூடாது என்று. ஆகவே டிராயரை முழுசாக வெளியே எடுங்கள், உள்ளே டார்ச் அடியுங்கள், சாமானைச் சுவரிலிருந்து தள்ளிப் பின்புறம் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தாலும் அது டேனிஷ்தான் என்று அர்த்தமில்லை, ஸ்வீடன், நார்வே, இங்கிலாந்து எல்லாவற்றிலும் அதே காலத்தில் அதே பாணியில் நல்ல வேலை நடந்திருக்கிறது. இதில் ஒன்றுகூட இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

சீல். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்குகிற கிழவி கொக்கியில் அடித்த சீலைப் பார்த்துத் திருப்தியாகிவிடுவாளா, உரசிப் பார்க்கச் சொல்வாள், அதே சந்தேகம் மரத்துக்கும் வேண்டும். உண்மையான சீல்கள் என்னென்ன என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லதுதான். நீல்ஸ் வோடர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைப்பார்கள், பட்டறை பெயரும் ஃபின் யூல் பெயரும் அதில் இருக்கும். ஜே.எல். மோல்லர் நாற்காலிகளில் இருக்கைச் சட்டத்தின் அடியில் முத்திரை இருக்கும். ஃபிரான்ஸ் அண்ட் சன் சாமான்களில் சின்ன உலோகப் பட்டை பதித்திருக்கும். அந்தக் கம்பெனி 1957 வரை ஃபிரான்ஸ் அண்ட் டேவர்கோசன் என்ற பெயரில் இருந்தது, ஆகவே பட்டையில் எந்தப் பெயர் என்பதைப் பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். (அதில் ஃபிரான்ஸ் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, இது பிரெஞ்சுச் சாமான், டேனிஷ் இல்லை என்று அடம்பிடித்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன். ஃபிரான்ஸ் என்பது கம்பெனி ஆரம்பித்த ஆங்கிலேயரின் பெயர்.) 1959-க்குப் பிறகு டேனிஷ் மரச்சாமான் தயாரிப்பாளர்களின் தரக்கட்டுப்பாட்டு முத்திரையும் பல சாமான்களில் வரும்.

இத்தனையும் தெரிந்துகொண்டு சந்தைக்குப் போனாலும் இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. காகித லேபிள் ஒட்டிய அசல் சாமான் ஏராளம், லேபிள் எப்போதோ கிழிந்து போயிருக்கும், அதனால் சீல் இல்லாதது எல்லாம் நகல் இல்லை. அப்புறம், சூடு வைக்கிற முத்திரையைச் செய்து கொடுக்க நம் ஊர் லேத் பட்டறையில் அரை நாள் போதும். பழைய சூட்டுக் குழிக்குள் தூசியும் எண்ணெயும் படிந்து சுற்றியுள்ள மரத்தோடு சேர்ந்து மங்கியிருக்கும். புதுச் சூட்டைத் துணியால் துடைத்தால் கரி ஒட்டும். லேசரில் வெட்டிய எழுத்து என்றால் எல்லா எழுத்தும் ஒரே ஆழத்தில், அச்சடித்த மாதிரி இருக்கும், கையால் அமுக்கிய சூட்டில் ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் மேலோட்டமாகவும் விழும். உலோகப் பட்டையைப் பிடுங்கி இன்னொரு நாற்காலியில் பதிக்கிற ஆட்களும் உண்டு. பட்டை துளைக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சுற்றிப் புதுப் பசை தெரிகிறதா என்று நகத்தால் ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் கட்டுரையில் பெரிதாகப் போட்டிருந்த, முதுகில் ஒய் எழுத்து மாதிரிக் கட்டை உள்ள நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உலகத்திலேயே அதிகம் நகலெடுக்கப்படும் நாற்காலிகளில் அது ஒன்று. வெக்னர் 1949-இல் வரைந்தது, கார்ல் ஹான்சன் அண்ட் சன் கம்பெனி 1950-இலிருந்து இன்றுவரை விடாமல் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே போன வருஷம் செய்த அசலும் உண்டு, 1950-களில் செய்த அசலும் உண்டு. அசலா என்பது ஒரு கேள்வி, பழசா என்பது வேறு கேள்வி, விற்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் காசு பார்க்கிறார்கள். வெக்னரின் வட்ட நாற்காலியிலும் இதே கதைதான். ஆரம்பத்தில் யோஹான்னஸ் ஹான்சன் செய்தது, 1990-களிலிருந்து பி.பி. மோப்லர் என்ற பட்டறை செய்கிறது, பி.பி. முத்திரை போட்ட வட்ட நாற்காலியை 1950-ஆம் வருஷத்தது என்று ஒருவர் விற்றால் அசலைக் கையில் வைத்துக்கொண்டே பொய் சொல்கிறார் என்று அர்த்தம்.

ஒய் நாற்காலியின் இருக்கை பேப்பர் கார்டு என்கிற முறுக்கிய காகிதக் கயிறு. கையால்தான் பின்னுவார்கள், ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர் கயிறு போகும். நகத்தால் கயிற்றைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், காகித முறுக்கு தெரிய வேண்டும். நகல்களில் நைலான் கயிறு, பருத்திக் கயிறு, சணல் எல்லாம் பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக் என்றால் உட்கார்ந்த உடனே வழுக்கும். கயிறு சட்டத்தை முழுசாகச் சுற்றி அடியிலும் மேலே போலவே ஒழுங்காக இருக்கும். மோல்லர் நாற்காலிகளில் அப்படி இல்லை, சட்டத்தின் உட்பக்கம் வரிசையாக எல் வடிவ ஆணி அடித்து அதில் கயிற்றை மாட்டியிருப்பார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் நகல் செய்கிறவர்கள் ஒய் நாற்காலிக்கு உள்ளே ஸ்டேப்ளர் பின் அடித்தே கயிற்றை நிறுத்தியிருக்கிறார்கள். அப்புறம், முதுகின் மேலே அரைவட்டமாக வளைந்து கை வரைக்கும் வரும் கட்டை அசலில் ஒரே மரம், நீராவியில் வளைத்தது. ரேகை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை வளைவோடு சேர்ந்து ஓடும். நகலில் இரண்டு மூன்று துண்டை வெட்டி ஒட்டியிருப்பார்கள், ஒட்டின இடத்தில் ரேகை வெட்டுப்பட்டுத் திசை மாறும், எவ்வளவு பாலிஷ் போட்டாலும் விரலால் தடவினால் தெரிந்துவிடும். ஆனால் ஒட்டு என்றாலே நகல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், வட்ட நாற்காலியில் அந்த ஒட்டுதான் அழகு. முதலில் செய்தவற்றில் இணைப்பு தெரியாமல் இருக்கப் பிரம்பு சுற்றினார்கள், அப்புறம் விரல் கோத்த மாதிரி இணைப்பை வெளியே தெரியும்படியே வைத்துவிட்டார் வெக்னர்.

நம் மலைக்கே உரிய ஒரு மோசடியையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரம் உங்களுக்குத் தெரியும். மிளகுக் கொடி ஏறும், வயசானால் வெட்டிப் பலகை ஆகும். பெயரில்தான் ஓக், ஓக் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பம். ஆனால் பலகையாக அறுத்தால் மினுமினுப்பாகச் சின்னச் சின்னத் திட்டுக்கள் வரும், ஓக் பலகையிலும் அதேபோல வரும், கொஞ்சம் ஸ்டெயின் தடவிவிட்டால் தெரியாதவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இதைத்தான் "டேனிஷ் ஓக்" என்று தள்ளுகிறார்கள். கால் நுனியில் குறுக்கு வெட்டைப் பாருங்கள். அசல் ஓக்கில் ஆண்டு வளையம் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஊசி குத்தின மாதிரிப் பெரிய துளைகள் வரிசையாக வளையம் கட்டியிருக்கும், சில்வர் ஓக்கில் அந்த வரிசை கிடையாது. தூக்கிப் பார்த்தாலும் பெரும்பாலும் சில்வர் ஓக் லேசாக இருக்கும்.

பிரம்பு முதுகும் கவைக்கால் போல விரிந்த தேக்குக் காலும் உள்ள அலுவலக நாற்காலிகளையும் டேனிஷ் என்கிறார்கள். அது 1950-களில் சண்டிகருக்காக ஸ்விட்சர்லாந்துக்காரர் பியர் ஜான்னரே வகையறா வரைந்து நம் நாட்டிலேயே செய்தது. அதற்கே வெளிநாட்டு ஏலத்தில் பெரிய விலை, நகலும் அதைவிடப் பெரிய அளவில். அது தனிக் கதை.

கட்டுரையின் கடைசியில், வாங்கி வந்ததும் மெஷினில் தேய்த்து மெலமைன் பாலிஷ் அடித்தால் புதுசு போல ஆகும் என்று எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தயவுசெய்து செய்யாதீர்கள். வெனீர் என்பது தாள் மாதிரி, மெஷினை ஓட்டினால் ஒரு மூலையில் தேக்கு போய் அடிமரம் வெளியே வந்துவிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் ஒட்ட முடியாது. தேக்குச் சாமான் பல அங்கே எண்ணெய் மட்டும் தடவி முடித்தவை, அந்த நிறம் வருஷக்கணக்கில் காற்றிலும் வெயிலிலும் வந்தது, அதைச் சுரண்டி எறிந்துவிட்டால் அசல் என்று காட்ட இருந்த பாதி சாட்சி போய்விடும். லேசான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு தேக்கு எண்ணெய் மெல்லிசாக ஒரு கை தடவி, மிச்சத்தைத் துடைத்து எடுத்தால் போதும். தேக்கு எண்ணெயில் ஆளிவிதை எண்ணெய் கலந்திருக்கலாம், அது பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம், விரித்துக் காயவையுங்கள். இன்னொன்று, ஏற்காட்டு ஈரத்தில் கிடந்ததைச் சித்திரை மாதம் சேலத்துக்கு இறக்கி, வெயில் அடிக்கிற ஜன்னலோரமோ ஏ.சி.க்கு எதிரிலோ வைத்தால் மரம் சுருங்கி இணைப்பு ஆடும், வெனீர் எழும்பும். மழைக் காலத்தில் இறக்குங்கள், வெயில் படாத அறையில் வையுங்கள்.

நகல் செய்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சேலத்திலேயே ஒய் நாற்காலி மாதிரி செய்து தரும் ஆசாரிகள் இருக்கிறார்கள், வேலை சுத்தம், உட்கார்ந்தால் சுகம். நம் நாட்டு டிசைன் சட்டம் 2000-இன்படி பதிவு செய்த வடிவத்துக்குக்கூட 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5 வருஷம்தான் பாதுகாப்பு. அடுத்தவர் கம்பெனி முத்திரையை அடித்து அசல் என்று விற்பது வேறு விஷயம், அது மோசடி. அதிலும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மோசடிச் சாமானில் பெரிய லாபம் இடைத்தரகருக்கு, செய்த ஆசாரிக்குத் தினக்கூலி, பெயரும் அவருக்கு இல்லை, டென்மார்க்காருக்கு. ஈட்டியில் செய்தது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பிரேசில் ஈட்டி 1992-இலிருந்தே உலக அளவில் வியாபாரத் தடைப் பட்டியலில் இருக்கிறது, 2017-இலிருந்து நம் ஈட்டி உட்பட அந்த இனம் முழுவதற்குமே நாடு விட்டு நாடு போகக் கட்டுப்பாடு உண்டு. பழைய பிரேசில் ஈட்டி, வெளிநாட்டிலிருந்து இப்போதுதான் வந்தது என்று ஒருவர் சொன்னால் காகிதம் எங்கே என்று கேளுங்கள்.

இவ்வளவையும் பார்க்க நேரமில்லை, டார்ச்சும் இல்லை என்கிறவர்களுக்கு ஒரே வழி. பணம் கொடுக்கும் முன் பில் கேளுங்கள், அதில் டென்மார்க்கில் செய்தது, இன்ன கம்பெனி, சுமாராக இன்ன வருஷம், எங்கெங்கே ரிப்பேர் ஆகியிருக்கிறது என்று கடைக்காரர் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் அரை மணி நேரம் டென்மார்க் கதை சொன்னவர் பேனாவைக் கையில் எடுத்ததும் "டேனிஷ் மாடல்னு போட்டுக்கலாங்களா சார்" என்பார். தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும், விலையையும் மாடலுக்கு உண்டான விலையாகப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய மரச்சாமான் பழுது பார்க்கும் வாசகன்,
குகை, சேலம்.